மெத்து

ஒன்பதாம் நாள் மதியம் மகிழினி அழவில்லை.

ஆபரேஷன் முடிந்து சுகன்யா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஓர் அழுகை தவறாமல் நடந்துகொண்டிருந்தது. ஐந்து வயது மகள் சாய்வு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அம்மாவோடுதான் தூங்குவேன் என்று நிற்பாள். அடிவயிற்றுத் தையல் இழுபடாமலிருக்க அம்மா கால்களை மடக்கி நாற்காலியிலேயேதான் தூங்க வேண்டும், இன்னும் ஒன்றரை மாதத்துக்குப் பிள்ளையைத் தூக்கக் கூடாது, மேலே போட்டுக்கொள்ளவும் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு ஏறாது. கடைசியில் சமையலுக்கு வரும் முத்தாயம்மாள் வந்து, உதைத்துக் கத்தும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் ஏசி அறையில் படுக்கவைப்பாள்.

அன்று மகிழினி தானாகவே எழுந்தாள். தட்டைக் கொண்டுபோய்க் கழுவுமிடத்தில் போட்டாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். நாற்காலிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சுகன்யாவுக்கு முதலில் அப்பாடா என்றிருந்தது.

வெளியே மே மாத வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி, இரண்டு நீளமான கோழிக் கொட்டகைகளுக்கு நடுவில் இருந்தது அந்த வீடு. அந்த நேரத்துக்குக் கோழிகள்கூட வாயைப் பிளந்து மூச்சிரைத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடக்கும், எருவின் காரமான நெடி ஜன்னல் வலை வழியே மெல்லக் கசிந்து வரும், திரை போட்ட கூடத்தின் மங்கலில் ஈக்கள் மட்டும் இடம் மாறி இடம் மாறி உட்காரும். சுகன்யா கண்களை மூடினாள். நைட்டியில் ஊக்கு போட்டுத் தொங்கவிட்டிருந்த ரப்பர் குமிழ், வயிற்றுக்குள்ளிருந்து குழாய் வழியாக வடியும் இளஞ்சிவப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக வாங்கிக்கொண்டிருந்தது.

மூடிய கதவுக்குப் பின்னால் மகிழினி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு சுகன்யாவுக்குத் தெரியும். அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்து, உதட்டை அழுத்தி 'புர்ர்' என்று ஊதிவிட்டு, அது குலுங்குவதைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. வேறு எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அந்த வயிறு இப்போது இல்லை.

மகிழினியைப் பெற்ற பிறகு வந்த வயிறு அது. சிசேரியன் தழும்புக்கு மேல் ஒரு பெரிய மடிப்பாகத் தொங்கியது. மாடிப்படி ஏறினால் தொடையில் இடித்தது. மடிப்புக்கு அடியில் வியர்த்துப் புண்ணாகாமலிருக்க காலையும் மாலையும் பவுடர் போட்டுக்கொள்வாள். நடந்து பார்த்தாள், கொள்ளு ரசம் குடித்தாள், ராத்திரிச் சோற்றை விட்டாள். கன்னம் ஒட்டியது, கை மெலிந்தது, வயிறு மட்டும் காற்றுப் போன பைபோல் அப்படியே நின்றது. பிள்ளைக்கு அதுதான் மெத்தை. பேச்சு வந்த புதிதில் அதற்கு 'மெத்து' என்று பேர் வைத்தாள். தூங்கும்போது மெத்து மேல் கை இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் மெத்து மேல் கன்னத்தை வைத்துப் படுக்க வேண்டும்.

கணவன் இளவழகன் வைத்த பேர் வேறு. தீவன மூட்டை. முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னான். பிறகு வேடிக்கையும் போய்விட்டது. ஐந்து வருடமாக அவன் கை அங்கே பட்டதில்லை. தூக்கத்தில் தவறிப் பட்டாலும் சுட்டதுபோல் எடுத்துக்கொள்வான். போன தை மாதம் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மாள் "எத்தனாவது மாசமுங்க அம்மணி?" என்று கேட்டுவிட்டாள். இளவழகன் இலையை மூடிவிட்டு எழுந்தான். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே, "உன்ன வெளிய கூட்டிட்டுப் போறதுக்கே கூசுது" என்றான்.

மறுநாள் போனில் ஒரு வீடியோ காட்டினான். தோலும் கொழுப்புமாக வெட்டி எடுத்து, இழுத்துத் தைத்து, தட்டையாக்கிய வயிறு.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் பரிசோதித்த பிறகு ஷாஹிஸ்தா என்ற நர்ஸ் தனியாக உட்காரவைத்துப் பேசினாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்; ஆனால் அனுபவப்பட்டவள்போல் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னாள்.

"முன்னாடியே தெரிஞ்சுக்கங்கக்கா. இது எடை கொறைக்கிற ஆபரேஷன் இல்ல. இன்னொரு கொழந்த பெத்துக்கற எண்ணம் இருந்தா இப்ப வேணாம். இந்த இடுப்புலேர்ந்து அந்த இடுப்பு வரைக்கும் தழும்பு இருக்கும், அது மங்கும், போகாது. ரெண்டு வாரத்துக்குக் கூனித்தான் நடக்க முடியும். ஆனா நடந்தே ஆகணும், படுத்தே கெடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும். அடிவயிறு மரத்துப் போயிரும். மாசக்கணக்கா தொட்டாலே தெரியாது." பிறகு கேட்டாள். "இது உங்க ஆசைதானாக்கா? இல்ல வேற யாராவது சொல்லியா?"

"அவளுக்குத்தானுங்க ஆசை" என்றான் பின்னால் நின்ற இளவழகன்.

ஷாஹிஸ்தா அவனைப் பார்க்கவில்லை. சுகன்யாவையே பார்த்தாள். சுகன்யா தலையாட்டினாள்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்முன் சுகன்யா ஒன்று மட்டும் கேட்டாள். "வெட்டி எடுக்கறத என்ன பண்ணுவீங்க?"

"மஞ்சப் பையில கட்டி வெச்சுருவோம்க்கா. வண்டி வந்து எடுத்துட்டுப் போய் எரிச்சுருவாங்க."

வீட்டுக்கு வந்த அன்று மகிழினி ஓடி வந்து, நைட்டிக்கு மேலே கையை வைத்தாள். உள்ளே இறுக்கமான பெல்ட். கையை எடுத்துக்கொண்டாள்.

"கல்லு மாதிரி இருக்குது. மெத்து எங்கம்மா?"

"ஆஸ்பத்திரில வெச்சுக்கிட்டாங்க சாமி."

"தனியாவா?" பிள்ளையின் உதடு நடுங்கியது. "அதுக்கு ஊட்டுக்கு வர வழி தெரியுமா?"

அதற்குப் பிறகு எட்டு நாள் அழுகை. ஒன்பதாம் நாள் இந்தச் சிரிப்பு.

சிரிப்பு அடங்கியது. ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சுகன்யா அதை உணர்ந்தாள். ஐந்து விரல்கள். சின்ன விரல்கள், சாப்பிட்டுக் கழுவிய ஈரம் காயாதவை. பெல்ட்டின் மேல் அல்ல. பெல்ட்டுக்கு உள்ளே, குத்தினாலும் தெரியாதபடி மரத்துக் கிடந்த தோலிலும் அல்ல. அதற்கும் வெளியே, முன்பு மடிப்பு தொங்கிய இடத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், அந்த விரல்கள் மெதுவாகப் பிசைந்தன.

அவள் கையால் துழாவினாள். நைட்டித் துணி. காற்று.

மறுநாள் சாயங்காலம் முத்தாயம்மாள் ஏசி அறையிலிருந்து படுக்கை விரிப்பைச் சுருட்டிக்கொண்டு வந்தாள்.

"அம்மணி, நீங்க எந்திரிச்சுப் போயிப் புள்ளகூடப் படுத்தீங்களா? ஆவாதுங்க அம்மணி. குழாயில இருந்து ஒழுகியிருக்குது பாருங்க."

விரிப்பின் நடுவில் ஒரு கறை. இளஞ்சிவப்பு, ஓரம் மஞ்சள். சுகன்யா குமிழைத் தொட்டுப் பார்த்தாள். மூடி இறுக்கமாக இருந்தது. குழாயில் கசிவில்லை. காலையிலிருந்து அவள் அந்த அறைப் பக்கமே போகவில்லை.

"நான் போகலையே முத்தாயக்கா."

முத்தாயம்மாள் விரிப்பை மூக்கருகே கொண்டுபோய் மோந்து, "உங்க பவுடர் வாசந்தானுங்களே அடிக்குது" என்றாள். துவைக்கப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு சுகன்யா பவுடரைத் தொட்டதில்லை. போட்டுக்கொள்ள மடிப்பேது? மகிழினியைக் கூப்பிட்டாள். பிள்ளை கொஞ்சம் தள்ளியே நின்றது.

"கையக் காட்டு."

உள்ளங்கையில் அந்த வாசம் இருந்தது. பவுடரும், மடிப்புக்குள் அடைபட்ட வியர்வையும், அதற்கடியில் இனிப்பாக ஏதோ ஒன்று, கொட்டகையில் செத்த கோழியைப் பார்க்காமல் இரண்டு நாள் விட்டுவிட்டால் வருமே, அதன் தொடக்கம் போல.

"யாருகூடத் தூங்கறே சாமி?"

மகிழினி கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "சொல்ல மாட்டேன். நீ அதத் திருப்பி அனுப்பிருவே."

பதினொன்றாம் நாள் காலை சுகன்யா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஷாஹிஸ்தாவைக் கேட்டாள். குழாயில் வடிவது குறைகிறதா, காய்ச்சல் உண்டா, கால் வீங்குகிறதா, தினமும் நடக்கிறீர்களா என்று அவள் வரிசையாக விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு சுகன்யா கேட்டாள்.

"அன்னைக்கு எடுத்தது... அது நெசமாவே போயிருச்சுங்களா?"

"நானே பையக் கட்டி, சீட்டு ஒட்டி, வண்டிக்காரங்ககிட்டக் குடுத்தேன்க்கா. ஏன் கேக்கறீங்க?"

"அது இன்னும் இருக்கற மாதிரித் தெரியுதுங்க. தொட்டாத் தெரியுது."

"நரம்பு அறுபட்டதுனால அப்படித் தோணும்க்கா. கால் எடுத்தவங்களுக்குப் பாதம் அரிக்கிற மாதிரி இருக்கும். பயப்படாதீங்க, போகப் போகச் சரியாயிரும்." அவள் குரல் தாழ்ந்தது. "வீட்ல உங்களப் பாத்துக்க ஆள் இருக்காங்கல்ல?"

"இருக்காங்க" என்றாள் சுகன்யா.

நரம்பு. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டினாள். மதியம் மறுபடி விரல்கள் வந்தன. கன்னம் வந்தது. 'புர்ர்' என்ற ஊதல் வந்தது, அந்த ஊதலின் அதிர்வு வெறும் காற்றில் பரவி முதுகெலும்புவரை ஏறியது. அறைக் கதவின் மேல் ஈக்கள் கருமிளகு கொட்டினாற்போல் அப்பியிருந்தன. வீட்டில் வேறு எந்தக் கதவிலும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. முட்டை லாரியை அனுப்பிவிட்டு இளவழகன் மதியம் வீட்டுக்கு வந்தான். சாப்பிட்டுக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் அடிக்கடி அப்படிப் பார்த்தான், புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டியைப் பார்ப்பதுபோல.

"சிக்குனு ஆயிட்டே. ஆனி மாசம் கரூர்ல கல்யாணம் இருக்குது. அன்னைக்குப் பாக்கட்டும் எல்லாரும்."

சாப்பிட்டு முடித்துப் பிள்ளையோடு ஏசி அறையில் போய்ப் படுத்தான். நல்லதுதான் என்று நினைத்தாள் சுகன்யா. அவன் இருந்தால் ஒன்றும் நடக்காது. அவன் பார்த்துவிட்டாலாவது சொல்வான்.

மூன்று மணி இருக்கும். உறக்கமும் விழிப்புமாகக் கிடந்தவளுக்கு ஒரு கை தெரிந்தது. இந்த முறை சின்னக் கை இல்லை. கனமான உள்ளங்கை, விரல்களில் காய்ப்பு, மோதிரத்தின் சில்லிப்பு. அது தயங்கவில்லை. மடிப்பை அள்ளிச் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஐந்து வருடத்துக்குப் பிறகு. பின்னாலேயே ஒரு முகம் வந்து புதைந்தது, மீசை குத்தியது, சூடான மூச்சு இறங்கியது. சுகன்யா நாற்காலியில் அசையாமல் சாய்ந்து கிடந்தாள். கண்களிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. அது பயமா, வேறொன்றா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரியாததுதான் அவமானமாக இருந்தது.

நாலரை மணிக்கு இளவழகன் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தான். அவன் முகத்தில் பல வருடங்களாகப் பார்க்காத ஒரு சாந்தம்.

"நீ எப்ப வந்து படுத்தே?"

அவள் காதோரத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்படித் தூங்கி எத்தன வருசமாச்சு தெரியுமா? பஞ்சாட்டம்..." என்று தொடங்கியவன், பெல்ட்டுக்குள் தட்டையாக இறுகிக் கிடந்த அவள் வயிற்றைப் பார்த்தான். வாய் அப்படியே நின்றது. தண்ணீர் குடித்துவிட்டுக் கொட்டகைக்குப் போனான். சட்டையின் மார்பில் ஈரமாக ஒரு வட்டம் இருந்தது. அதன்மேல் இரண்டு ஈக்கள்.

"ஏனுங்க, நாளைக்கு அந்த ரூம்ல படுக்க வேண்டாமுங்க" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். "அங்க என்னமோ இருக்குது."

"உனக்கு மருந்து ஒத்துக்கல" என்றான் அவன், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

ஞாயிற்றுக்கிழமை. மதியச் சமையலை முடித்துவிட்டு முத்தாயம்மாள் போய்விட்டாள். இளவழகன் இரண்டு மணிக்கு முன்பே, யாரும் சொல்லாமலே, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குப் போனான். இருவரும் எதற்கோ காத்திருந்தவர்கள்போல் அவசரமாகப் போனார்கள். கதவைச் சாத்தவில்லை. ஒரு சாண் திறந்தே விட்டிருந்தார்கள்.

சுகன்யா தூங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். வெயில் திரையின் ஓரத்தைக் கத்திபோல் கீறி உள்ளே விழுந்தது, தூரத்தில் கொட்டகையின் மின்விசிறிகள் ஒரே சுருதியில் சுற்றின, கடிகாரத்தின் நொடி முள் ஒவ்வொரு அடிக்கும் தயங்கித் தயங்கி நகர்ந்தது. மூன்றாவது முறை கண் செருகியபோது பின்கட்டில் சத்தம் கேட்டது.

த்தப்.

பிசைந்த மாவைத் தரையில் வைத்ததுபோல. பிறகு ஓர் இழுப்பு. ஈரத்துணி சிமெண்டில் உரசும் இழுப்பு.

த்தப்.

அடுக்களையைத் தாண்டியது. கூடத்துக்கு வந்தது. அவள் நாற்காலிக்குப் பின்னால்.

திரும்பிப் பார்க்க முடியவில்லை. இடுப்பைத் திருப்பினால் தையல் கிழியும். கழுத்தைத் திருப்பினாள். நாற்காலியின் முதுகுதான் தெரிந்தது. பவுடர் வாசம் எழுந்தது. அது நாற்காலியின் பின்புறம் உரசி நின்றது. அவள் மூச்சை அடக்கினாள். அதுவும் எதையோ அடக்கியதுபோல் இருந்தது. ஈக்களின் ரீங்காரம் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அவளுக்காக அது வரவில்லை.

இழுப்பு. த்தப். இழுப்பு. அறைக் கதவு கிறீச்சிட்டது.

உள்ளே மகிழினியின் சிரிப்பு. அப்புறம் இளவழகனின் நீண்ட பெருமூச்சு, வேலை முடிந்து வந்தவன் விடுகிற மூச்சு.

சுகன்யா எழுந்தாள். கூனியபடியே. ஒரு கையால் நாற்காலி, மறு கையால் சுவர். தொங்கும் குமிழ் தொடையில் இடித்தது. நாலு எட்டு. நின்றாள். மூன்று எட்டு. முதுகு நிமிர மறுத்தது. தரையில் அகலமான ஈரத்தடம். பளபளத்தது. மிதிக்காமல் நடந்தாள். கதவு.

தள்ளினாள்.

ஏசியின் குளிர் முகத்தில் அறைந்தது. திரையெல்லாம் மூடியிருந்தது. நீல இருட்டு. கட்டிலில் இளவழகன் ஒரு பக்கம். மகிழினி மறுபக்கம். நடுவில் அது.

வளர்ந்திருந்தது. வெட்டி எடுத்தபோது இரண்டு கை அளவுதான் இருந்திருக்கும். இப்போது கட்டிலின் நீளம். வெளிறிய தோல், அதில் வெள்ளிக் கோடுகள், அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்த கோடுகள். ஓரங்களில் மட்டும் சிவப்பு. தலை இல்லை. கை இல்லை. அதற்கு எதுவும் தேவைப்படவில்லை. இளவழகனின் முகம் அதற்குள் காதுவரை புதைந்து கிடந்தது. அவன் தோள் நிம்மதியாக ஏறி இறங்கியது.

"மகி" என்றாள் சுகன்யா. மறுபடியும், "மகி, எந்திரி. அம்மாகிட்ட வா சாமி."

பிள்ளை கண்ணைத் திறந்தது. கதவில் கூனி நிற்பவளை, குழாயும் குமிழும் தொங்க நிற்பவளைப் பார்த்தது. அந்தப் பார்வையில் பயமில்லை, கோபமுமில்லை. வாசலில் வந்து நிற்கும் யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் பார்த்தது. பிறந்ததிலிருந்து அவளை நீ என்றே கூப்பிட்ட பிள்ளை, உதட்டில் ஒரு விரலை வைத்து, மரியாதையாகச் சொன்னது.

"சத்தம் போடாதீங்க. அம்மா தூங்குது."

பிறகு அந்தத் தோலின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்து, போர்வையை இழுப்பதுபோல் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டது. அது இணங்கிக் கொடுத்தது. இழுத்த பக்கமெல்லாம் நீண்டது. மகிழினி கன்னத்தை வைத்துத் தேய்த்து, உள்ளங்கையால் மெல்லத் தடவிக் கொடுத்தாள்.

சுகன்யா காத்திருந்தாள். தன் வயிற்றில், ஒன்றுமில்லாத அந்த இடத்தில், மகளின் கை படுவதற்காகக் காத்திருந்தாள்.

படவில்லை. எதுவும் தெரியவில்லை. மரத்துப் போயிருந்தது.

கட்டிலில் அது அசைந்தது. டாக்டர் தொப்புளைச் சுற்றி வட்டமாக அறுத்து, அதை மட்டும் சுகன்யாவிடமே விட்டுவிட்டிருந்தார். அதனால் அதன் நடுவில் ஒரு ஓட்டை, ஒரு ரூபாய் அகலம், ஓரம் சுருங்கி, உள்ளே இருட்டாக. தகப்பனையும் பிள்ளையையும் அணைத்தபடி அது மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பியது. ஓட்டை அவளுக்கு நேராக வந்து நின்றது. விரிந்தது. மூடியது. மறுபடி விரிந்தது. இருவரின் மூச்சோடும் சேர்ந்து, நிதானமாக, அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.